சுவர்ப் பொந்தில் வைத்த சப்பாத்து

போன வருடம் ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியில் பலேர்மோ நகரம். மொந்தே பெல்லெக்ரீனோ மலையின் அடிவாரத்தில், பழைய கல்லுப் பாதை தொடங்குகிற இடத்தில், காலை பத்து மணி போல இது நடந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதிப் பழக்கம் இல்லை. இதை எழுதி முடிக்க எனக்கு நாலு கிழமை எடுத்தது. வேறு யாரிடமாவது சொல்லி எழுதுவித்திருக்கலாம். ஆனால் இது என் கையால் செய்த காரியம், என் கையால்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

மன்னாரிலிருந்து இந்த ஊருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். வந்து இறங்கியபோது எனக்கு இந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. பிறகு எத்தனையோ வீடுகளில் துடைத்தேன், சமைத்தேன், வயது போனவர்களைக் குளிப்பாட்டினேன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிடப் பத்திரத்துக்கு நானே வரிசையில் நின்று, நானே கதைத்து, நானே எடுத்தேன். பிறகு என் தங்கச்சியையும் கூப்பிட்டு எடுத்தேன். என்னை விடப் பன்னிரண்டு வயது இளையவள். நான் புருஷனை இழந்தவள், அவளும் அப்படித்தான். கபோ சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருக்கிறோம். அந்த வீட்டில் உப்பு எந்தப் போத்தலில் இருக்க வேண்டும் என்பது முதல் எந்தப் பூசைக்குப் போக வேண்டும் என்பது வரை நான் சொல்வதுதான். தங்கச்சி மறுத்துக் கதைத்தது கிடையாது.

தங்கச்சியின் மகள் ஜெனோவாவில் கலியாணம் செய்து இருக்கிறாள். எட்டு வருடமாகப் பிள்ளை இல்லை. போன வருடம் வயிற்றில் தங்கியது. இந்த ஊர்த் தமிழர்கள் எல்லாரும், கோயிலுக்குப் போகிறவர்களும் சரி தேவாலயத்துக்குப் போகிறவர்களும் சரி, மலை மேல் குகைக்குள் இருக்கும் புனிதையிடம் நேர்த்தி வைப்பார்கள். நாங்களும் வைத்தோம். பிள்ளை பிறக்க முன்னம் ஏழு ஞாயிறு வெறுங்காலோடு மலை ஏறுவது என்று. செப்டம்பர் நடுவில் பிள்ளைப்பேறு. அதற்கு முன்னமே தங்கச்சி ஜெனோவாவுக்குப் போகக் கப்பலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஏழாவது ஞாயிறு கழிந்து பன்னிரண்டு நாளில் கப்பல்.

வெறுங்காலோடு ஏறுவதென்றால் சப்பாத்தை என்ன செய்வது? மற்றவர்கள் ஒரு பையில் போட்டு முதுகில் கொழுவிக்கொண்டு ஏறுவார்கள். எனக்கு அது பிடிக்காது. புனிதையிடம் போகும்போது முதுகில் சப்பாத்தைச் சுமந்துகொண்டு போவதா? பாதை தொடங்கிச் சிறிது தூரத்தில் கல் அடுக்கிக் கட்டிய ஒரு பழைய மதில் உண்டு. சாந்து பூசாத மதில். அதில் முழங்கால் உயரத்தில் ஒரு பொந்து. அதற்குள் இரண்டு பேரின் சப்பாத்தையும் தள்ளி, முன்னால் ஒரு கல்லை வைத்துவிட்டு ஏறுவோம். இறங்கி வந்து எடுத்துப் போட்டுக்கொள்வோம்.

தங்கச்சி முதல் ஞாயிறே சொன்னாள்.

"அக்கா, நான் ஒரு பை கொண்டு வந்தனான். அதுக்குள்ள போடுவமே?"

"ஏன், உன்ர சப்பாத்தும் நேர்த்தி வைச்சதோ? அதுவும் மேல வந்து கும்பிட வேணுமோ?"

"அதுக்கில்லை அக்கா. பூச்சி கீச்சி..."

"பனங்காணிக்குள்ள பாம்போட வளந்தனாங்கள். பூச்சியாம். வை உள்ளுக்கு."

வைத்தாள்.

பாதைத் தொடக்கத்தில் ஒரு சிசிலிக் கிழவர் சின்ன மூன்று சில்லு வாகனத்தில் நாகதாளிப் பழம் விற்பார். முள்ளை நீக்கி, தோலைச் சீவி, ஐஸில் வைத்துத் தருவார். நாலாவது ஞாயிறு நாங்கள் பொந்திலிருந்து சப்பாத்து எடுப்பதைக் கண்டுவிட்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். தன் இரண்டு சப்பாத்தையும் கழற்றி, ஒன்றோடு ஒன்று அடித்து, தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார். சிஞ்ஞோரா என்றால் இங்கே அம்மா என்று கூப்பிடுகிற மாதிரி.

"சிஞ்ஞோரா, இப்பிடித் தட்டிப்போட்டுத் தான் கால் வைக்க வேணும். இது வெக்கைக் காலம். கல்லுக்குள்ள எல்லாம் சிலந்தி."

எனக்குச் சுர்ரென்றது. அவருக்கும் என் வயதுதான் இருக்கும். எனக்குச் சப்பாத்துப் போடக் காட்டித் தருகிறாரா? என்னுடைய இத்தாலியத்தில் நானும் விடவில்லை.

"நான் சிறீலங்கா. எங்கட நாட்டில பாம்பு இருக்கு, முதலை இருக்கு, யானை இருக்கு!"

அவர் சப்பாத்தைத் திரும்பக் காலில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "யானை நல்லது சிஞ்ஞோரா. அது சப்பாத்துக்குள்ள பூராது."

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அன்றைக்கு அவரிடம் பழம் வாங்கவில்லை. பிறகும் வாங்கவில்லை.

அந்த ஏழாவது ஞாயிறும் விடியக்காலை ஏறி, செபமாலை சொல்லி, மெழுகுதிரி வைத்து, பூசை கண்டு இறங்கி வந்தோம். வெயில் ஏறிவிட்டது. நேர்த்தி முடிந்த சந்தோஷத்தில் தங்கச்சி பொந்துக் கல்லை நகர்த்தி, சப்பாத்தை எடுத்து, நின்றபடியே வலது காலை உள்ளே விட்டாள்.

"ஸ்" என்றாள். அவ்வளவுதான். முள் குத்தின மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

காலை எடுத்து, சப்பாத்தை உதறினாள். பழுப்பு நிறத்தில் ஒரு சிலந்தி நசுங்கி விழுந்தது. உடம்பு ஒரு உழுந்தளவு. கால்கள் மட்டும் நீளம், மயிர் மாதிரி. ஒரு கால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் விரலால் புல்லுக்குள் தட்டிவிட்டேன்.

"இதுக்கோ இந்தச் சத்தம் போட்டனி? நுளம்பு கடிச்சாலும் இதைவிட நோகும்."

"ஓம் அக்கா, நோகேல்லை" என்றாள் அவளும். உண்மையில் நோகவில்லை. பழக்கிழவர் அன்றைக்கும் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பின்னேரம் பெருவிரலுக்குப் பின்னால், பாதத்தின் மேல் பக்கத்தில், சிவந்து தடித்தது. ஒரே கடி, அரிப்பு என்றாள். ராத்திரி நித்திரை இல்லை. திங்கட்கிழமை காலை பார்த்தால் பாதம் அப்பம் மாதிரி வீங்கி, நடுவில் ஒரு நீலப் புள்ளி, அதைச் சுற்றி வெளிறிய வட்டம், அதற்கு வெளியே சிவப்பு. எரியுது என்றாள். அப்படியே வேலைக்குப் போனாள். அவள் பார்க்கிற கிழவிக்குக் காலைச் சாப்பாடு கொடுக்க வேறு ஆள் இல்லை. நொண்டிக்கொண்டு மத்தியானம் வந்தாள்.

"அக்கா, ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டுவமா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

"போனால் மறிச்சு வைச்சிடுவாங்கள். பிறகு கப்பலுக்கு எப்பிடிப் போவாய்? நான் ரெண்டு நாளில மாத்தித் தாறன்."

கப்பல் என்றதும் அவள் அடங்கிவிட்டாள்.

எங்கள் வீட்டில் எந்த வீக்கத்துக்கும் உப்பு ஒத்தணம்தான். கல் உப்பைச் சட்டியில் போட்டு வெடிக்க வெடிக்க வறுத்து, பழைய சீலைத் துண்டில் முடிந்து, அந்த முடிச்சால் ஒத்துவது. என் முழங்காலுக்கு, அவள் இடுப்புக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். இந்தக் கையால் எத்தனை பேருக்கு ஒத்தியிருக்கிறேன். எனக்கு அதில் ஒரு பெருமை. ஊர்ப் பெண்கள் போன் எடுத்துக் கேட்பார்கள்.

அன்று பின்னேரம் மஞ்சளும் வேப்பிலைத் தூளும் குழைத்துப் பூசி, அதற்கு மேல் சுடச் சுட ஒத்தினேன். தங்கச்சி பல்லைக் கடித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"அக்கா, காணும், போதும். தாங்கேலாமல் கிடக்கு."

"சூடு பட்டால் தான் விஷம் இறங்கும். பொறு. எத்தினை பிள்ளைப்பேறு பாத்த வீட்டில பிறந்தனி, இதைத் தாங்க மாட்டியோ?"

ராத்திரி படுக்க முன்னம் ஒருமுறை. செவ்வாய் விடிய ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஒத்தி முடித்து, சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டேன். வீக்கம் கணுக்காலைத் தாண்டியது. அன்றைக்கு அவளால் சப்பாத்துப் போட முடியவில்லை. வேலைக்குப் போகவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் நின்ற முதல் நாள் அது.

அப்போதுதான் எனக்கு உள்ளுக்குள் பயம் தட்டியது. ஆனால் பயம் என்று வாயால் சொல்லுகிற ஆள் நான் இல்லை. எனக்கு வேறு ஒரு யோசனை வந்தது.

ஊரில் எங்களுக்குப் பெரியப்பா முறையான ஒருவர் இருக்கிறார். விஷக்கடிக்குப் பார்வை பார்க்கிறவர். பாம்பு கடித்தாலும் நட்டுவக்காலி கொட்டினாலும் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அவரிடம்தான் ஓடுவார்கள். தண்ணீரில் செபம் ஓதி, குடிக்கத் தருவார். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். இப்போதெல்லாம் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் அவருடைய மகளின் போனுக்கு வீடியோவில் எடுத்து, ஒரு கோப்பைத் தண்ணீரைப் போனுக்கு முன்னால் பிடிக்கும். அவர் அங்கிருந்து ஓதுவார். இங்கே குடிப்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். லண்டனிலும் பாரிஸிலும் இருந்து எடுக்கிறார்கள்.

தங்கச்சி கண் அயர்ந்திருந்தாள். கட்டை அவிழ்த்து, பாதத்தைப் போனில் ஒரு படம் எடுத்தேன். படம் எடுத்தபோது அந்த நீலப் புள்ளி கறுத்து அகன்றிருந்ததைக் கண்டேன். கண்டும் திரும்பக் கட்டினேன். படத்தை அனுப்பிவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு அழைத்தேன்.

பெரியப்பா திரையில் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மகளின் கையிலிருந்த மற்றப் போனில் என் படத்தைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

"ஆற்ற கால் பிள்ளை இது?"

"தங்கச்சியின்ர. சிலந்தி ஒண்டு கடிச்சது பெரியப்பா. தண்ணி எடுத்து வைச்சிருக்கிறன், ஒருக்கா ஓதி விடுங்கோ."

"சுட்டுக் கிட்டு ஒண்டும் வைச்சனியே?"

ஏனோ தெரியவில்லை, "இல்லை" என்று சொன்னேன்.

"பிள்ளை, நான் இஞ்சத்தைய பாம்புக்கும் தேளுக்கும் தான் பாக்கிறனான். இது எனக்குத் தெரியாத சாமான். தெரியாததுக்கு ஓத எனக்கு வாய் வராது. அங்கத்தைய பூச்சி, அங்கத்தைய டாக்குத்தருக்குத் தான் தெரியும்."

"பெரியப்பா, நீங்கள் ஓதினால் அவளுக்கு ஒரு தெம்பு..."

"தெம்புக்கோ? சதை கறுக்குது, நீ தெம்பு எண்டு நிக்கிறாய். தண்ணியை ஊத்திப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. இப்ப போ. போனை வை."

அவரே வைத்துவிட்டார்.

எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் குசினிக்குள் நான் ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். பெரியப்பா மகளின் முன்னால் என்னை ஏசியது, நான் பொய் சொன்னது, ஒத்தணம், பொந்து, பழக்கிழவர், எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றது. இனி ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இவ்வளவையும் அவிழ்க்க வேண்டும். நாளைக்கு ஒரு நாள் பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோப்பையை எடுத்துக்கொண்டு தங்கச்சியிடம் போனேன்.

"பெரியப்பா பாத்துத் தந்தவர். எழும்பிக் குடி."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியில் சிலுவை போட்டாள். இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி, கண்ணை மூடி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். எங்கள் குசினிக் குழாய்த் தண்ணீர்.

"இப்ப கொஞ்சம் சுகமாக் கிடக்கு அக்கா" என்றாள்.

புதன்கிழமை விடிய அவள் அனுங்குகிற சத்தம் கேட்டு எழும்பினேன். உடம்பு கொதித்தது. பற்கள் அடித்துக்கொண்டன. கட்டை அவிழ்க்கப் போனால் சீலை ஒட்டியிருந்தது. வெந்நீர் விட்டு மெல்ல உரித்தேன்.

நான் எத்தனையோ பிணம் குளிப்பாட்டியவள். படுக்கைப் புண் துடைத்தவள். அந்தக் காலைக் கண்டதும் தண்ணீர்ச் சட்டியை நிலத்தில் போட்டுவிட்டேன். பாதத்தின் மேல்தோல் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. எரிந்த கடதாசி மாதிரி. ஓரமெல்லாம் கொப்புளம். அந்தக் கொப்புளங்கள் என் உப்பு முடிச்சின் அளவில், அதே வட்டத்தில் இருந்தன. சிவப்பு ஒரு கோடாக முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன அக்கா? என்ன எண்டு சொல்லுங்கோவன்?"

நான் அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு படி இறங்கி ஓடினேன். கீழ் வீட்டு சிஞ்ஞோராவின் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். அவளும் என்னைப் போலக் கிழவிதான். இருபது வருடமாகப் படிக்கட்டில் கண்டால் தலையாட்டுவோம், அதற்கு மேல் நான் வைத்துக்கொண்டதில்லை. உதவி கேட்டு ஒருநாளும் அந்தக் கதவைத் தட்டியதில்லை. அவள் இரவு உடுப்போடு மேலே ஏறி வந்து, காலைப் பார்த்து, வாயில் கையை வைத்தாள். பிறகு அடுப்பில் இருந்த உப்புச் சட்டியைப் பார்த்தாள். போனை எடுத்து அம்புலன்ஸுக்கு அடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். தங்கச்சியின் மகள் வயது இருக்கும். நிதானமாகக் கேட்டாள். எப்போது கடித்தது? பூச்சியைக் கண்டீர்களா? எங்கே அந்தப் பூச்சி?

"புல்லுக்குள்ள தட்டி விட்டன்."

தன் போனில் ஒரு படம் காட்டினாள். நீளக் கால்கள், பழுப்பு உடம்பு. முதுகில் சின்னதாய் வயலின் மாதிரி ஒரு அடையாளம். வயலின் சிலந்தி என்றுதான் இங்கே சொல்வார்களாம். அதேதான் என்றேன்.

"கடிச்ச இடத்தில என்ன வைச்சனீங்கள்?"

சொன்னேன். மஞ்சள். வேப்பிலை. சூடான உப்பு. எத்தனை முறை என்று கேட்டாள். மூன்று முறை என்றேன். எவ்வளவு சூடு என்று கேட்டாள். என் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். முப்பது வருடம் வெந்நீரிலும் அமிலத்திலும் கிடந்து காய்த்த கை. அதற்குச் சூடு தெரிவதில்லை.

டாக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "இந்தச் சிலந்தியின்ர விஷத்துக்குச் சூடு தான் ஆகாது சிஞ்ஞோரா" என்றாள். "சூடு பட்டால் சதை இன்னும் கூடச் சாகும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைச்சு, காலை உயர்த்தி வைச்சு, அண்டைக்கே வந்திருந்தால் அனேகமாக மருந்தோட போயிருக்கும்."

அண்டைக்கே. திங்கட்கிழமை நடந்தே வந்திருக்கலாம்.

இன்னொன்றும் சொன்னாள். அந்தச் சிலந்தி ஆளைத் தேடி வந்து கடிக்கிற ஜாதி இல்லையாம். கூச்சம் கூடிய பூச்சியாம். வெக்கைக் காலத்தில் இரவில் வெளியே திரியும், பகலில் கல்லிடுக்கில், விறகில், மடித்து வைத்த உடுப்பில், கையுறையில், சப்பாத்தில் ஒளிந்து கிடக்கும். ஓட வழி இல்லாமல் நசுக்கினால்தான் கடிக்குமாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பொந்து கண்ணுக்குள் வந்தது. அதன் வீட்டுக்குள் சப்பாத்தைத் தள்ளி, வாசலில் கல்லும் வைத்து மூடியவள் நான்.

"கால் தப்புமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் போகட்டும்" என்றாள்.

அந்த இரண்டு நாளும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியில் இருந்தேன். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். செத்த தோலை வெட்டி எடுத்தார்கள். சிவப்புக் கோடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க அதன் முனையில் பேனையால் கோடு கீறி வைத்திருந்தார்கள். கோட்டைத் தாண்டினால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளி பின்னேரம் சிவப்பு கோட்டுக்கு இந்தப் பக்கம் இறங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "கால் உங்கட தான்" என்று தங்கச்சியின் தோளில் தட்டினாள்.

ஆனால் கிடக்கத்தான் வேண்டும் என்றார்கள். கப்பல் அவள் இல்லாமல் போயிற்று. பிள்ளை சொன்ன நாளுக்கு முன்னமே பிறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை இரண்டு தலையணைக்கு மேல் வைத்தபடி, போனைக் காதோடு அழுத்தி, அந்தக் குழந்தை அழுகிற சத்தத்தைத்தான் தங்கச்சி கேட்டாள். எட்டு வருடம் காத்திருந்தது அதைத் தன் கையில் வாங்கத்தான். அவள் அழவில்லை. நான் வெளியே போய் நின்றேன்.

அடுத்த நாள் எங்கள் பங்குச் சனம் நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். தங்கச்சி சிரித்த முகத்தோடு அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டாக்குத்தர் ஒரு பக்கம். என்னைக் காப்பாத்தினது பெரியப்பாவின்ர தண்ணி தான். குடிச்ச உடனை உள்ளுக்க ஒரு குளிர்ச்சி ஓடினது. அக்கா, சுகமானதும் அவருக்கு ஒரு நல்ல சாரமும் சால்வையும் அனுப்ப வேணும், என்ன?"

அந்தப் பெண்களில் ஒருத்தி போனை எடுத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "அக்கா, அவற்ற நம்பரைத் தாங்கோ. எங்கட அவருக்குக் காலில ஒரு புண் மாறாமல் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் கேக்கிறார் இல்லை."

என் வாய் நம்பரைச் சொல்லத் தொடங்கிவிட்டது. மூன்று இலக்கம் சொல்லியும் விட்டேன். அதற்கு மேல் வரவில்லை.

"அவர் ஓதேல்லை" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர். நான் தான் மறைச்சனான். அது குழாய்த் தண்ணி. நீயும் உன்ர மனுசனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ."

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கொண்டுபோன கஞ்சியைத் தொடவில்லை. மறுநாளும் அப்படியே. தாதி கேட்டால் பதில் சொல்வாள், எனக்கு இல்லை. பிறந்த நாள் தொடக்கம் என்னோடு கதைக்காமல் இருந்ததில்லை அவள்.

மூன்றாம் நாள், சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பெரியப்பா என்ன சொன்னவர்? ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ."

சொன்னேன். தெம்புக்கோ என்று அவர் கேட்டதையும் சொன்னேன். சுட்டு வைத்தாயா என்று கேட்டதற்கு இல்லை என்று நான் சொன்னதையும் சொன்னேன். கடைசியில், போனை வை என்று அவர் வைத்ததையும் சொன்னேன்.

பிறகு மெல்லத் திரும்பினாள்.

"எத்தினையோ ஆயிரம் மைலுக்கு அங்கால இருக்கிற கிழவனுக்கு என்ர கால் விளங்கியிருக்கு. பக்கத்தில இருந்த உங்களுக்கு விளங்கேல்லை."

"ஓம்" என்றேன்.

"இனிமேல் என்ர சப்பாத்தை எங்க வைக்கிறது எண்டு நான் தான் முடிவெடுப்பன்."

"ஓம்."

"அந்தக் கஞ்சியைத் தாங்கோ. ஆறிப்போச்சுதோ?"

"சூடாக்கிக் கொண்டு வரட்டே?"

"ஐயோ அக்கா, நீங்கள் சூடாக்கினது காணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

டிசம்பரில், நத்தாருக்குக் கொஞ்சம் முன்னம் துறைமுகத்தில் அவளைக் கப்பலேற்றினேன். பாதத்தில் ஒரு முட்டையளவு பள்ளம், தோல் மினுங்கிக்கொண்டு. நடை இன்றைக்கும் கொஞ்சம் சரிவுதான். ஜெனோவாவில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அனுப்பிய படம் எங்கள் குசினியில் ஒட்டியிருக்கிறது. உப்புச் சட்டி இருந்த இடத்துக்கு நேர் மேலே.

இந்த வருடம் ஆகஸ்டில் திரும்பவும் மலைக்குப் போனோம், நன்றி சொல்ல. தங்கச்சி இரண்டு பை கொண்டு வந்தாள். இறுக்கிக் கட்டுகிற பை. அவளுடையதை அவள் சுமந்தாள், என்னுடையதை நான் சுமந்தேன். முதுகில் சப்பாத்தோடுதான் புனிதையின் முன்னால் முழந்தாளிட்டேன். அவர் ஒன்றும் கோபித்ததாகத் தெரியவில்லை. இறங்கி வந்து, பையிலிருந்து எடுத்த சப்பாத்தையும் ஒன்றோடு ஒன்று தட்டி, கவிழ்த்து உதறி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

பழக்கிழவர் அதே இடத்தில் நின்றார். நான் நேரே அவரிடம் போனேன். தங்கச்சியின் காலைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். அன்றைய பேச்சை அவர் ஞாபகப்படுத்தவில்லை. நான்தான் ஞாபகப்படுத்தினேன். நீங்கள் சொன்னது சரி, யானை பூராது என்றேன். அவர் இரண்டு பழம் சீவி எங்கள் கையில் வைத்தார். அவ்வளவு குளிர்ச்சியான பழம், கோபத்தில் அத்தனை ஞாயிறு நான் தின்னாமல் விட்டது.

இப்போது வீட்டில் சப்பாத்தோ, பல்கனியில் காயப்போட்ட கையுறையோ, எதை எடுத்தாலும் தட்டி உதறிவிட்டுத்தான் கை வைக்கிறேன். அப்படித் தட்டுகிற ஒவ்வொரு முறையும், இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக் கண்ணை மூடிக் குடித்த என் தங்கச்சியின் முகம் வந்து நிற்கிறது, அதை மட்டும் என்னால் உதறிவிட முடியவில்லை.